புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்!

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் சாயங்காலம் உட்கார வைத்து, ஒவ்வொரு பாடத்தையும் பத்துத் தடவை சத்தமாகப் படிக்கச் சொல்வேன். 'பரவாயில்லையே, நல்லாப் படிக்கிறாளே' என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால், காலாண்டுப் பரீட்சையில் அறிவியலில் 100-க்கு 31 மார்க். பேப்பரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வந்த ஆத்திரத்தில் கரண்டிக் காம்பாலேயே அடித்துவிட்டேன். 'படிச்சேம்மா, அங்க போனா மறந்து போச்சு' என்று அவள் அழுதது இன்னும் காதில் நிற்கிறது.

'பத்தாவது படிச்ச உன்னால முடியாது, டியூஷன்ல சேர்த்து விடு' என்றார் என் வீட்டுக்காரர். மாசம் 800 ரூபாய்க்கு எங்கே போவது?

தீபாவளிக்கு வந்த என் நாத்தனார் மகள் பி.எட். படிக்கிறாள். 'அத்தை, அவ பொய் சொல்லலை. மறக்கிறது எல்லாருக்கும் இயல்புதான்' என்றாள். கல்வி உளவியல் என்று அவர்களுக்கு ஒரு பாடமே உண்டாம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் பார்த்து 1885-லேயே புத்தகம் எழுதியிருக்கிறார். பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடுகிறதாம். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் மனதில் தங்குமாம்.

2006-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. அவர்கள் ஒரு பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பாடத்தை ஒரு தடவை படித்து, பிறகு பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தடவை படித்த பாடமே முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அதில் நூற்றுக்கு 42 பங்குதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்த பாடத்தில் 56!

இப்போதெல்லாம் ஒரு தடவை படித்ததும் புத்தகத்தை நான் வாங்கி வைத்துக் கொள்கிறேன். 'எனக்குத் தெரியாது, சொல்லிக் குடு' என்கிறேன். அவளும் இட்லிப் பானை மூடியைத் தூக்கி, 'ஆவி மேல போய், குளிர்ந்து, தண்ணியா சொட்டுது பாரும்மா, மழையும் இப்படித்தான்' என்கிறாள். தப்பாகச் சொன்னால் திட்டுவதில்லை. இருவரும் புத்தகத்தைத் திறந்து பார்த்துக் கொள்கிறோம். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்தும், அடுத்த வாரமும் மறுபடி கேட்கிறேன்.

அரையாண்டில் 58 மார்க். பெரிய மார்க் இல்லைதான். ஆனால், இந்தத் தடவை பேப்பரை அவளே கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

'நமக்குப் பாடம் தெரியாதே' என்று வருந்தும் என் போன்ற தாய்மார்களே! பிள்ளை சொல்வதைக் கேட்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டாம். சத்தம் போட்டுப் படிப்பதைப் பார்த்து ஏமாறாமல், புத்தகத்தை மூடச் சொல்லிக் கேளுங்கள். மறந்ததற்காக மட்டும் அடிக்காதீர்கள். நான் அடித்துவிட்டு வருத்தப்பட்டது போதும்.

- ஒரு வாசகி, மணப்பாறை.