எந்த மன்றத்தில் சேர்வது?

சேலையூரில் மாதந்தோறும் கூடும் நம் இலக்கிய நண்பர்களிடையே சென்ற கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நம் வகுப்பில் தமிழ்ப் பாடம் கேட்டு, பின்னர் கணினித் துறைக்குப் போய், அண்மையில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அலுவலகத்தில் மேலே இருப்பவர்கள் எல்லோரும் கோல்ஃப் ஆடுகிறார்களாம். இவரும் ஏதேனும் ஒரு மன்றத்தில் சேரவேண்டிய நிலை. நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, திடலின் தரம் எனக் கட்டம் போட்டு மூன்று மன்றங்களை ஒப்பிட்டிருந்தார். கூடவே, இதெல்லாம் சரிதானா என்றொரு உறுத்தலும் இருந்தது.

கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள், "பெருங்களத்தூர்க்காரனுக்கு கோல்ஃபா?" என்றார் ஒரு நண்பர். வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில் என்றார் மற்றொருவர். பணம் இருக்கிறது, சேர்கிறார், நமக்கென்ன என்றார் மூன்றாமவர். இம்மூன்றும் மூன்று வேறு கருத்துகளாகத் தோன்றினாலும், கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாமல் தப்பிக்கும் ஒரே வழியின் மூன்று கிளைகள் என்றே நாம் கருதுகிறோம்.

முதல் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். இன்னாருக்கு இன்ன விளையாட்டு என்று வகுத்துவைப்பது யாருடைய மொழி என்பதை இந்நாட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மொழி கோல்ஃப் திடலில் என்ன செய்தது என்பதற்கு டர்பன் நகரில் ஒரு சான்று உண்டு. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல்தான் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுசென்றது. அப்படிப் பெயர்ந்து வாழ்ந்த இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் பாப்வா செவ்கோலம். தமிழரல்லர், ஆனால் நம்மவர் வியர்வை விழுந்த அதே மண்ணின் பிள்ளை. வெள்ளையருக்கு மட்டைப்பை சுமந்து ஆட்டம் கற்றவர். எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்து ஆடியவர். 1959இல் டச்சு ஓபன் பட்டத்தை வென்று, மறுஆண்டே மீண்டும் வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனையும் வென்றார். தோற்ற வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்துக்குள் இருக்க, நிறவெறிச் சட்டத்தால் உள்ளே நுழைய இயலாத வெற்றியாளருக்கு வெளியே மழையில் கோப்பை கொடுக்கப்பட்டது. அந்தப் புகைப்படம் உலகெங்கும் போயிற்று. கூலிக்காரன் பேரனுக்கு கோல்ஃபா என்ற சிரிப்பு அந்தக் கட்டடத்துக்குள்ளும் கேட்டிருக்கும்.

இரண்டாவது வாதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது என்று சொல்லிவிட்டால் நம் வாசல்களைப் பார்க்கவேண்டிய தேவை இல்லாமல் போகிறது அல்லவா? 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை. 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் பிறந்தது. இன்று நந்தனத்தில் அதற்கு கோல்ஃப் திடலும் உண்டு. இனம் பாராமல் சேர்ப்போம் என்பதே அதன் பெயரின் பொருள். நல்லது. ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் கற்ற பாடம், கதவே கூடாது என்பதா, நமக்கும் ஒரு கதவு வேண்டும் என்பதா? 2014 ஜூலையில் சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நூல் வெளியீட்டு விழா ஒன்று நடந்தது. வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வாசலில் தடுக்கப்பட்டார். வெள்ளையன் கப்பலேறி 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டியைத் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டப்பேரவை சட்டம் இயற்றவேண்டி வந்தது. நூல் வெளியீட்டுக்குப் போனவருக்கே இந்தக் கதி என்பதை நூல் வெளியீடுகளிலேயே வாழும் நம் நண்பர்கள் மறந்தது வியப்பு.

இனி, 'நமக்கென்ன'. தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் கடற்கரை நோக்கிப் போகும் ஒவ்வொருவரும் கிண்டியைக் கடக்கிறோம். நிலையத்துக்கு அருகிலேயே குதிரைப் பந்தய மைதானம். அதற்குள் ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் திடல் இருந்தது. மொத்தம் 160.86 ஏக்கர் அரசு நிலம். 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. வாடகையை உயர்த்த அரசு 1970லிருந்து முயன்றும் வழக்குகளே வளர்ந்தன. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் நிலுவையைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. மழைநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. அதன் பிறகும் நீதிமன்றப் படிகள் ஓயவில்லை.

ஒரு வீட்டு வாடகை ஆண்டுதோறும் பத்து விழுக்காடு ஏறும் இந்தப் புறநகரில் உட்கார்ந்துகொண்டு இதில் நமக்கென்ன என்கிறோம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் மாடிவரை தண்ணீர் ஏறியதை மறந்துவிட்டோமா? தண்ணீர் நிற்க இடமில்லாத நகரத்தில், புல்லை மட்டும் பச்சையாக வைத்துக்கொண்ட நூற்றறுபது ஏக்கர் யாருடைய சொந்த விருப்பம்? புல்வெளியும் திறந்தவெளிதானே, அடுக்குமாடி எழுவதைத் தடுத்ததே என்று ஜிம்கானா அன்பர்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அத்திறந்தவெளி எத்தனை பேருக்குத் திறந்திருந்தது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டால் நலம்.

நம் மாணவர் போயிருக்கும் ஊரில் இக்கேள்வியை அரசே கேட்கிறது. 1904இல் தொடங்கிய கெப்பல் கிளப்பின் நிலக் குத்தகை 2021 இறுதியோடு முடிந்தது. அங்கே ஏறத்தாழ 9,000 வீடுகள், அவற்றில் 6,000 அளவுக்கு அரசு அடுக்குமாடி வீடுகள் என்று அறிவித்தார்கள். ஜூரோங் கன்ட்ரி கிளப்பை அதிவேக ரயில் நிலையத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். (அந்த ரயில் திட்டம் 2021இல் கைவிடப்பட்டது வேறு கதை.)

ஆகவே மாணவருக்கு, சேராதே என்று நாம் எழுதவில்லை. உன் கட்டத்தில் மூன்று வரிசைகள் குறைகின்றன என்று எழுதினோம். நிலம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது? உறுப்பினராக முடியாதவர் யார், அது விதியில் எழுதப்பட்டிருக்கிறதா, வழக்கத்தில் இருக்கிறதா? உன் வீட்டுப் பணிப்பெண் உன் குழந்தையை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அவளை எங்கே உட்காரச் சொல்வார்கள்? மூன்றாவதை வரவேற்பறையில் கேட்காதே, காவலாளியிடம் கேள் என்றும் சேர்த்தோம்.

இதை எழுதும்வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை. பெருங்களத்தூரைச் சொல்லிச் சிரித்த நண்பர் மட்டும், அடுத்த கூட்டத்துக்கு வேட்டியில் வரலாமா என்று தொலைபேசியில் கேட்டார்.