பலகையில் இல்லாத கட்டணம்

தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் இயற்றிவிட்டது. அதற்கான விதிகள் வந்ததோ 2018-ல். இருபத்தோரு ஆண்டுகள் விதியில்லாமல் கிடந்த சட்டத்தை யார் மதித்திருப்பார்கள்?

இன்று நிலைமை தலைகீழ். இருபது படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோம் நடத்துபவர் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை என்று அலைய வேண்டும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஸ்கேனுக்குத் தனிப் பதிவு. கழிவும் கதிர்வீச்சும் விளையாட்டல்ல, இவை தேவைதான். ஆனால் கோப்பு தூக்க ஆள் வைத்திருக்கும் பெருமருத்துவமனைக்கு இது சுமையே இல்லை. நசுங்குவது சிறு ஊர் டாக்டர்தான்.

நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் விஷயத்திலோ மௌனம். கட்டணத்தை எழுதி வைக்க வேண்டும், அது அரசு வகுக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்கின்றன மருத்துவமனைகளுக்கான மத்தியச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள். அந்த வரம்பை ஏன் இன்னும் வகுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. அந்த மத்தியச் சட்டத்தை ஏற்காமல் தனிச் சட்டம் வைத்திருக்கும் தமிழ்நாடு, டெல்லியின் தாமதத்தைக் காரணம் காட்ட முடியாது.

மருத்துவமனைக்குள்ளேயே மருந்து வாங்க நிர்ப்பந்திக்கும் வழக்கத்தையும் மாநிலங்களே கொள்கை வகுத்துத் தீர்க்கட்டும் என்று 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆக, பொறுப்பு மாநிலத்தின் கையில்தான். சிறு மருத்துவமனைகளின் உரிமங்களுக்கு ஒற்றைச் சாளரம், எல்லா மருத்துவமனைகளிலும் தமிழில் கட்டணப் பலகை: இரண்டையும் ஒரே அரசாணையில் சுகாதாரத் துறை கொண்டுவரலாம்.