வலி குறைந்தால் மட்டும் போதுமா?

இடுப்பு முதுகெலும்பில் இணைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபரிசோதனைக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர்: ஸ்குரு சரியாக இருக்கிறதா? வலி இனி வராமலிருக்குமா? முதுகின் வளைவு எப்படி இருக்கிறது என்று கேட்போர் அரிது. அதையே முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பக்கவாட்டில் பார்த்தால் இடுப்புப் பகுதி முதுகு உள்நோக்கி வளைந்திருக்கும். தலையை இடுப்புக்கு நேர் மேலாக, அதிகச் சிரமமின்றி நிறுத்துவது அவ்வளைவுதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி இரண்டு கணுக்களில் அமைந்துள்ளது. அறுவை சிகிச்சை மிகுதியாக நடப்பதும் அங்கேயே. எலும்புகள் எந்த நிலையில் ஒட்டுகின்றனவோ அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

இதை மருத்துவ உலகம் பட்டுத்தான் அறிந்தது. 1950களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், போலியோவால் முதுகு கோணிய குழந்தைகளுக்காக மருத்துவர் பால் ஹாரிங்டன் எஃகுக் கம்பி முறையை உருவாக்கினார். பக்கவாட்டுக் கோணல் நிமிர்ந்தது. ஆனால், கம்பி கீழ் இடுப்பு வரை இறங்கிய பலருக்கு இயல்பான உள்வளைவு மறைந்து, முன்சாய்ந்தே நடக்க நேர்ந்தது. 1970களில் அதற்குத் ‘தட்டை முதுகு’ என்று பெயரிட்டனர். இன்று கம்பியை வளைவுக்கேற்ப வளைத்தே பொருத்துகிறோம். மேசையில் நோயாளியைக் கவிழ்த்துப் படுக்க வைக்கும்போது தொடைகள் மடங்காமல் பார்த்துக்கொள்கிறோம். இருந்தும், பல கணுக்களை இணைத்தவர்களுக்கும் எலும்பு வலுக்குறைந்த முதியோருக்கும் நாளடைவில் வளைவு குறையக்கூடும்.

அதை எங்களைவிட முன்னதாகக் காண்பவர்கள் வீட்டிலிருப்போர். மாலையானால் உடல் முன்சாய்வது, முழங்கால் சற்று மடங்கியபடி நிற்பது, தொடையில் கையூன்றி நிமிர்வது ஆகியவற்றை வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நரம்புப் பாதை குறுகினாலும் இப்படி நடப்பதுண்டு. எதுவென்று பிரித்தறிவது எங்கள் பொறுப்பு.

“எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, எக்ஸ்ரே எதற்கு?” என்று பலர் கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ. பொதுவாகப் படுத்த நிலையில் எடுப்பது. நிற்கும்போது வளைவு எப்படியிருக்கிறது என்பதை நின்றபடி எடுத்த எக்ஸ்ரேதான் காட்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆயினும், படத்தில் கோணம் குறைந்துள்ளது என்பதற்காக மட்டும் மறு அறுவை சிகிச்சைக்கு விரைவதை நாங்கள் ஏற்பதில்லை. அது முதல் அறுவையைவிடப் பெரியது. நன்றாக நடமாடுபவருக்குப் பயிற்சியும் கண்காணிப்பும் போதும்.

அம்மாபேட்டைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குழித்தறியில் அமர்ந்து முன்குனியும்போது எவர் முதுகும் தட்டையாகும், எழுந்தால் மீளும். இணைந்த கணுக்களோ அசையா. குனிவதன் சுமை அவற்றுக்கு மேலுள்ள கணுவில் விழுந்து, அது விரைவில் தேயக்கூடும். தறியைக் கைவிடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, அதற்கு உரிமையும் இல்லை. எலும்பு ஒட்ட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஒட்டிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை நெசவை வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும். பிறகும் அரைமணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். பீடி, சிகரெட்டை அறுவைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். புகையிலை எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும். அடுத்த முறை வரும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.