வியப்பும் படைப்பும்

ஓவியக் கூடத்திற்குள் நுழைவோர் பலர். அவருள் சிலர் நடந்துகொண்டே பார்ப்பர். சுவரின் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடித்து, ‘நன்றாக இருக்கிறது’ என்று கூறிச் செல்வர். வேறு சிலர் ஏதேனும் ஓர் ஓவியத்தின் முன் நின்றுவிடுவர். கால்கள் நகரா, கண்கள் அகலா. அதனை வரைந்தவர் எந்நாட்டினர், எக்காலத்தவர், எம்மொழியினர் என்பவையெல்லாம் அப்போது நினைவுக்கு வருவதில்லை. ‘இந்த எளிய பொருளில் இவ்வளவு அழகு இருந்ததா!’ என்று உள்ளம் வியக்கின்றது. வீடு திரும்பியபின் அவர் தம் முற்றத்து மரத்தைப் பார்க்கிறார். நேற்றுவரை நிழல் தரும் மரமாக மட்டும் நின்ற அது, இன்று கிளையும் வளைவும் ஒளியும் நிழலுமாகத் தோன்றுகின்றது. கை எழுதுகோலைத் தேடுகின்றது. இத்தகைய வியப்பே கலை வாழ்வின் தொடக்கம் ஆகும்.

இவ்வியப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. பிறர் படைப்பில் ஈடுபட்டால் தம் தனித்தன்மை கெட்டுவிடும் என்னும் அச்சம் ஒன்று. ‘நான் யாரையும் பின்பற்றமாட்டேன், என் உள்ளத்தில் தோன்றுவதையே வரைவேன்’ என்பர் இவ்வச்சம் உடையோர். விதை விழாத நிலத்தில் தானாக முளைப்பது பெரும்பாலும் களையே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. புகழ்பெற்றவரின் புறத்தோற்றத்தை எடுத்துக்கொண்டால் தாமும் கலைஞர் ஆகிவிடலாம் என்னும் ஆசை மற்றொன்று. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இது. சூட்டின் வடு பூனையிடம் எஞ்சும். புலியின் வலிமை வந்து சேராது. இவ்விரண்டுக்கும் நடுவே நல்லதொரு வழி உண்டு. உள்ளம் நிறைய வியத்தல், வியந்ததைக் கையால் பயிலுதல், பயின்றதைத் தம் வாழ்வோடு சேர்த்துப் புதியதாக்குதல் என்னும் மூன்று படிகள் உடையது அவ்வழி. அதில் நடந்து காட்டியவர் வின்சென்ட் வான்கா என்னும் ஓவியர்.

வான்கா 1853-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் பிறந்தவர். ஓவிய வணிகம் செய்யும் நிலையத்தில் சிலகாலம் பணியாற்றினார்; ஆசிரியராக இருந்தார்; பின்னர்ப் பெல்ஜியம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயத் தொண்டு செய்தார். எதிலும் நிலைக்கவில்லை. 1880-ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், ஓவியராக வாழ்வதென உறுதி கொண்டார். அருகில் இருந்து கற்பிக்க நல்லாசிரியர் இல்லை. கையில் பொருளும் இல்லை. ஆயினும் உள்ளத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதி, மில்லே என்பவர் வரைந்த வயல் வேலைக் காட்சிகளின் அச்சுப் படங்களை அனுப்புமாறு வேண்டினார். அவை வந்ததும் அவற்றைப் பார்த்துப் பார்த்து மீண்டும் மீண்டும் வரைந்தார்.

யார் இந்த மில்லே? பிரான்சு நாட்டில், உழவர் குடியில், 1814-ஆம் ஆண்டில் பிறந்தவர் இவர். பெரிய ஓவியங்களில் இடம்பெறத் தக்கோர் தேவரும் வேந்தரும் வீரருமே என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. மில்லேயோ விதைப்பவனை வரைந்தார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைக் குனிந்து பொறுக்கும் ஏழைப் பெண்களை வரைந்தார். உழைக்கும் மக்களுக்கு, வேந்தர்க்கு உரிய பெருமையை அவர் தூரிகை வழங்கிற்று. ஏழைச் சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்த வான்காவின் உள்ளம் இவரிடம் சென்று பற்றிக்கொண்டதில் வியப்பு இல்லை. மில்லே 1875-ஆம் ஆண்டிலேயே இயற்கை எய்தினார். வான்கா அவரை நேரில் கண்டதே இல்லை. படம் வழியாகவே ஒருவர் ஆசிரியரும் மற்றவர் மாணவரும் ஆயினர்.

அம்மாணவர் கற்றது என்ன? 1885-ஆம் ஆண்டில் அவர் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியம் இதற்கு விடை கூறும். தொங்கும் விளக்கின் மங்கிய ஒளியில் உழவர் குடும்பத்தினர் ஐவர் மேசையைச் சூழ்ந்து அமர்ந்துள்ளனர். நிலத்தைத் தோண்டிய கைகளே இப்போது கலத்தை நோக்கி நீள்கின்றன. இது மில்லேயின் எந்த ஓவியத்தையும் பார்த்து எழுதியது அன்று. அங்கே உள்ளோர் வான்கா நாள்தோறும் கண்ட தம் நாட்டு உழவர். உழைப்பாளரை மதித்து நோக்கும் கண்ணே மில்லேயிடம் பெற்றது. அக்கண்ணால் கண்ட காட்சி வான்காவுக்கே உரியது. ஆசிரியரின் படத்தைப் பெறுவது எளிது; அவருடைய பார்வையைப் பெறுவது அரிது. அரியதனைப் பெற்றார் வான்கா.

1886-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரம் சேர்ந்தார். அங்கே அவருக்கு மற்றோர் ஆசிரியர் கிடைத்தார். அவரும் நேரில் காணாத ஆசிரியரே. ஜப்பான் நாட்டு ஓவியர் ஹிரோஷிகே 1858-ஆம் ஆண்டில், வான்கா ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோதே, மறைந்தார். மரக்கட்டையில் செதுக்கி வண்ணமிட்டு அச்சிட்ட ஜப்பானியப் படங்கள் அப்போது பாரிசில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அண்ணனும் தம்பியும் அவற்றை நூற்றுக்கணக்கில் சேர்த்தனர். ஹிரோஷிகேயின் படங்கள் இரண்டினை 1887-ஆம் ஆண்டில் வான்கா எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். ஒன்று பூத்த பிளம் மரத் தோட்டம். மற்றொன்று மழையில் நனையும் மரப்பாலம். பிளம் மரப் படத்தின்மேல் தாளை வைத்துக் கோடுகளைப் பிரதி செய்து, கட்டங்கள் இட்டு, அளவு பிசகாமல் துணியில் ஏற்றினார். தொடக்க மாணவர் செய்யும் பயிற்சி இது. வயது முப்பத்து நான்கு ஆனபின்னும் அதனைச் செய்ய அவர் நாணவில்லை.

அப்பயிற்சியால் விளைந்தது யாது? மேலை நாட்டு ஓவியர், நிலமும் வானும் தொலைவும் அண்மையும் ஒழுங்காக அமையுமாறு காட்சியை வகுப்பது வழக்கம். ஹிரோஷிகேயோ பெரிய மரத்தின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு மிக அருகில் நிறுத்தி, அதன் கிளைகளைப் படத்தின் விளிம்பு வெட்டுமாறு விட்டு, இடைவெளியில் உலகைக் காட்டினார். மழையை மெல்லிய கோடுகளாகவே வரைந்தார். நிழலின்றிப் பரந்த வண்ணங்களைத் தயங்காது தீட்டினார். இம்முறை வான்காவின் கையில் மெல்ல மெல்லக் கலந்தது. 1888-ஆம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் அவர் வரைந்த ‘விதைப்பவன்’ ஓவியங்களுள் ஒன்றைக் காண்க. விதைப்பவனின் நடை மில்லேயினுடையது. படத்தின் குறுக்கே சாயும் மரம் ஹிரோஷிகேயை நினைவூட்டும். ஆனால் உழவன் தலைக்குப் பின்னே பெரிய மஞ்சள் வட்டமாக எரியும் ஞாயிறு யாருடையது? அது வான்காவின் ஞாயிறு. இரண்டு ஆசிரியரிடம் கற்றவர் மூன்றாமவராக நின்ற இடம் அது.

1889-ஆம் ஆண்டு மே மாதத்தில், மனநோயுற்ற வான்கா, சான் ரெமி என்னும் ஊரிலுள்ள மருத்துவ இல்லத்தில் தாமே விரும்பிச் சேர்ந்தார். வெளியே செல்ல இயலாத நாட்கள் பல. எதிரே அமர்ந்து வரைவதற்கு மனிதரும் கிடைப்பதில்லை. அந்தத் துன்பக் காலத்தில் அவர் தம் முதல் ஆசிரியரிடமே திரும்பினார். மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை எதிரே வைத்து, ஏறத்தாழ இருபது ஓவியங்களை வண்ணத்தில் தீட்டினார். இது வெறும் படியெடுப்பு அன்றோ எனச் சிலர் வினவலாம். வான்காவே தம் தம்பிக்கு எழுதிய கடிதங்களில் இதற்கு விடை தந்துள்ளார். ஒருவர் இயற்றிய இசையை மற்றொருவர் வாசிக்கும்போது அதில் தம் உணர்வையும் சேர்த்தே வாசிக்கிறார். அதுபோன்றதே தம் முயற்சியும் என்றார். கறுப்பு வெள்ளையில் இருந்ததை வண்ணம் என்னும் வேறொரு மொழியில் பெயர்ப்பதாகவும் குறித்தார். இக்கருத்து நமக்குப் புதியது அன்று. ஒரே கீர்த்தனையைப் பாடகர் பலர் பாடுகின்றனர். இயற்றியவரை அவர்கள் மறைப்பதும் இல்லை; தம் குரலை இழப்பதும் இல்லை.

மறைக்காமை என்பதை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். எடுத்தது யாரிடம் என்பதை ஒளித்தால் அது களவு; வாய் திறந்து கூறினால் அது நன்றி. செயல் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளம் வேறு. தாம் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை வான்கா கடிதந்தோறும் எழுதிவைத்தார். கடனை ஒப்புக்கொண்டதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை. இன்று உலகம் அவரை வேறு எவரோடும் மயங்காமல் அடையாளம் காண்கின்றது.

அவர் வாழ்வின் இறுதியாண்டில் வரைந்த இரண்டு ஓவியங்கள் இதனை அழகுற விளக்கும். தியோவின் மனைவி கருவுற்றிருந்த காலம் அது. மில்லேயின் ‘முதல் நடை’ என்னும் படத்தின் ஒளிப்படம் ஒன்று வான்காவிடம் வந்தது. குனிந்த தந்தை கைகளை விரித்திருக்கிறார். தாய் தாங்கிப் பிடித்த குழந்தை அவரை நோக்கி அடியெடுத்து வைக்கிறது. 1890-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வான்கா அதனைப் பசுமையும் நீலமும் பொங்கத் தீட்டினார். அத்திங்களின் கடைசி நாளில் தம்பிக்கு மகன் பிறந்தான். அவனுக்கு வின்சென்ட் என்றே பெயரிட்டனர். அடுத்த திங்களில், அக்குழந்தைக்காக, நீல வானத்தின் எதிரே வெண்மலர் பூத்த வாதுமைக் கிளைகளை வரைந்தார். நிலமும் இல்லை, அடிமரமும் இல்லை, கிளையும் பூவும் வானுமே உள்ளன. ஜப்பானியரிடம் கற்ற கலை அங்கே பெரியப்பாவின் அன்பாக மலர்ந்தது. முன்னதைப் பார்த்து வரைந்தார், பின்னதைப் படைத்தார். முன்னது இன்றேல் பின்னது இல்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1882-ஆம் ஆண்டில் பிறந்த நந்தலால் போசு, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். அசந்தாக் குகைகளின் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணி நடந்தபோது, 1909-ஆம் ஆண்டில் இளைஞராக அங்கே சென்றார். பெயரும் அறியப்படாத பழங்கால ஓவியர் இட்ட கோடுகளைப் பின்தொடர்ந்து அவர் கை நடந்தது. முகத்தின் சாய்வும் விரலின் வளைவும் உள்ளத்து உணர்வைக் காட்டும் வகையை அங்கே அறிந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1938-ஆம் ஆண்டில் குசராத்திலுள்ள அரிபுராவில் காங்கிரசு மாநாடு நடந்தபோது, காந்தியடிகளின் விருப்பப்படி அவர் வரைந்த படங்களில் உழவரும் மத்தளம் கொட்டுவோரும் நெல் குத்தும் பெண்களும் இடம்பெற்றனர். அசந்தாவின் அரசிளங்குமரர்க்கு அமைந்த உயிருள்ள கோடு, சிற்றூர் மக்களுக்கும் உரியதாயிற்று. பழமையை வியந்தவர் பழமையிலேயே தங்கிவிடவில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இவ்விருவர் வாழ்வும் நமக்குக் கூறுவன சில. முதலாவது, நின்று பார்க்கப் பழகுதல் வேண்டும். வான்கா வண்ணமற்ற அச்சுத் தாள்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் பயின்றார். இன்றோ உலகின் ஓவியங்கள் பலவும் கைப்பேசித் திரையில் வண்ணத்தோடு வந்து நிற்கின்றன. விரல் அசைவில் நூறு படங்கள் கடந்து போகின்றன. ஒன்றும் உள்ளத்தில் தங்குவதில்லை. நூறு படங்களை ஒரு முறை பார்ப்பதினும் ஒரு படத்தை நூறு முறை பார்ப்பது நன்று. இரண்டாவது, கையால் வரைந்து பார்த்தல் வேண்டும். ‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்பது நம் முன்னோர் மொழி. கை செய்யும்போதுதான் கண் எவ்வளவு பார்த்தது என்பதும் விளங்கும். மூன்றாவது, கற்றதைக் கொண்டு தம் ஊருக்குத் திரும்புதல் வேண்டும். கோதுமை வயலை வரைந்தவரிடம் கற்ற மாணவன், தன் ஊர் நெல் வயலை வரையட்டும். பிளம் மரத்தில் கண்டதை வாசலிலுள்ள வேப்பமரத்தில் தேடட்டும்.

இதற்கு நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில், மீனும் அன்னமும் யானையும் விளையாடும் தாமரைப் பொய்கை உள்ளது. காலத்தால் மங்கியும் சிதைந்தும் போயினும், தாமரைத் தண்டைத் தாங்கி நிற்கும் இளைஞனின் உருவம் இன்னும் நம்மை ஈர்க்கின்றது. இத்தகைய பழஞ்சின்னங்களின் சுவர்களில் தம் பெயரைக் கீறிவிட்டு வருவோரும் நம்மிடையே உள்ளனர். தாம் வந்து சென்றதற்கு ஓர் அடையாளம் விட்டுச்செல்ல அவர் விரும்புகின்றனர் போலும்! அவ்விருப்பம் இயல்பானதே; அதற்கு அவர் தேர்ந்த வழியே கொடியது. அந்நேரத்தில் ஒரு தாளை எடுத்து, அங்குள்ள ஒரு தாமரையை வரைந்திருந்தால், சுவரும் பிழைத்திருக்கும். அவருடைய கையும் ஒன்று கற்றிருக்கும்.

பெரும் கலைஞர்கள் நம் புகழுரைக்காகக் காத்திருப்பதில்லை. அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி ஒன்றே. அவர்கள் காட்டிய கண்ணால் நம் உலகைக் கண்டு, நம் கையால் நல்லதொன்று செய்து, ‘இதனை இன்னாரிடம் கற்றேன்’ என்று தயங்காமல் சொல்வதே அந்நன்றியாகும்.