முதுமையைத் தாமதப்படுத்தும் முயற்சி யாருக்காக?

நரை, திரை, மூப்பு ஆகியவற்றிலிருந்து விடுபட வேண்டுமென்ற ஆசை மனித குலத்தின் மிகப் பழைமையான ஆசைகளுள் ஒன்றாகும். காயகற்பத்தையும் அமுதத்தையும் பற்றிய கதைகளில் வாழ்ந்த அந்த ஆசை, இன்று ஆய்வுகூடங்களிலும் முதலீட்டாளர்களின் கணக்கேடுகளிலும் இடம்பிடித்திருக்கின்றது.

இத்துறையில் நடைபெறும் ஆய்வுகளை வெறும் கற்பனையென ஒதுக்கிவிட முடியாது. முதிர்ந்த கலங்களை முளையக் கலங்களை ஒத்த நிலைக்கு மீளத் திருப்பலாமென 2006 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்காவுக்கு 2012 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கண்டறியப்பட்டதும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோருக்கு வழங்கப்படுவதுமான ராபமைசின் என்ற மருந்து, வயது முதிர்ந்த சுண்டெலிகளின் ஆயுளை நீடிக்கச் செய்ததை 2009 இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. ஆனால், மனிதரிடத்தில் அத்தகைய நிரூபணம் எந்த மருந்துக்கும் இதுவரை கிட்டவில்லை.

நிரூபணத்துக்காக வர்த்தகம் காத்திருக்கவில்லை. கூகிள் நிறுவனம் 2013 இல் 'கலிகோ'வை ஆரம்பித்தது. 2022 இல் 'அல்டோஸ் லாப்ஸ்' 300 கோடி டொலர் முதலீட்டுடன் களமிறங்கியது. தமது உடலைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் சுமார் 20 இலட்சம் டொலர் செலவிடுவதாகக் கூறப்படும் அமெரிக்கச் செல்வந்தர் பிரயன் ஜோன்சன், 2023 இல் தமது மகனின் குருதியிலிருந்து பெற்ற பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். பயனில்லையெனக் கண்டு கைவிட்டார். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் உட்கொண்ட ராபமைசினையும் பக்கவிளைவுகள் காரணமாக நிறுத்திவிட்டதாக 2024 இல் அறிவித்தார். இளையோரின் பிளாஸ்மாவை விற்பனை செய்வோர் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 இலேயே எச்சரித்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

இந்த ஆரவாரத்துக்கு மத்தியில் கவனிக்கப்பட வேண்டிய விடயம் வேறொன்றாகும். நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்போர்மின் மாத்திரை முதுமைக்கால நோய்களைத் தாமதப்படுத்துமா என்பதை 65 முதல் 79 வயது வரையிலான சுமார் 3,000 பேரிடத்தில் பரிசோதிக்க அமெரிக்க ஆய்வாளர்கள் திட்டமொன்றை வகுத்தனர். அத்திட்டம் பல ஆண்டுகளாக நிதியின்றித் தடுமாறியது. காப்புரிமை காலாவதியாகிவிட்ட மலிவான மருந்தினால் எந்தக் கம்பனிக்கும் பெரும் இலாபம் கிடைக்கப்போவதில்லை என்பதே இதற்கான பிரதான காரணமாகும். எமது அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்படுவதும் இதே மாத்திரைதான்.

2012 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின் போதே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் 60 வயதை எட்டியிருந்தனர். இவ்விகிதம் தொடர்ந்தும் உயர்ந்து வருகின்றது. எனவே, ஆரோக்கியமான முதுமை என்பது செல்வந்தரின் பொழுதுபோக்கல்ல, எமது வீடுகளின் பிரச்சினையாகும்.

பிறந்தவர் இறப்பது உறுதியென எல்லாச் சமயங்களும் போதிக்கின்றன. அதனை எவரும் மாற்றப்போவதில்லை. ஆயினும், படுக்கையில் கழியும் இறுதி ஆண்டுகளைக் குறைப்பது சாத்தியமே. புகைத்தலைக் கைவிடல், குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தல், நாளாந்தம் நடத்தல் ஆகிய நிரூபணமான வழிகளுக்கு இலட்சக்கணக்கில் பணம் தேவையில்லை. இலாபம் தராத ஆய்வுகளுக்கு அரசாங்கங்களும் சர்வதேச அமைப்புகளும் நிதி வழங்க முன்வராவிடின், நீண்ட ஆயுளும் விலைக்கு வாங்கப்படும் பண்டமாகிவிடும்.