துணைநூலைத் தள்ளிவைப்பதா?



கிள்ளானில் எம் மாணவர் சிலர், பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைத் தமிழில் ஆடுகின்றனர். அதற்கு நான் ஒரு துணைநூலைக் கொணர்ந்தபோது, “மூல நிறுவனம் வெளியிடாத நூல் வேண்டா, விதிகள் குழம்பும்” என்றார் நண்பர் ஒருவர். இதனை நான் ஏற்கவில்லை.

1974இல் தோன்றிய இவ்விளையாட்டுக்குப் பிறரும் நூலெழுத 2000ஆம் ஆண்டிலேயே திறந்த உரிமம் வழங்கப்பட்டது. 2023இல் அதனை இறுக்க முனைந்த நிறுவனம், எதிர்ப்பு வலுக்கவே பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் வெளியிட்டது. ஆகவே, பிறர் எழுதுவது களவன்று. வள்ளுவர் எழுதவில்லை என்று பரிமேலழகர் உரையை நாம் வீசிவிட்டோமா?

தரமற்ற துணைநூல்களும் உண்டு. ஆட்டத்தின் சமநிலையைக் குலைப்பனவும் உண்டு. ஆசிரியர் முதலில் படிக்கட்டும், பொருந்தாததை நீக்கட்டும். அதற்காக அனைத்தையும் ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

மலேசிய எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் படைத்த ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ சிறுநூல்களில் முதலைகளின் அரசொன்று வருகிறது. கிள்ளான் ஆற்றைக் கண்டு வளரும் பிள்ளைக்கு அது எளிதில் விளங்கும். பனிமலையும் கோட்டையுமே கதை என்று நம்பும் பிள்ளை, தன் ஆற்றங்கரையைத் தமிழில் எப்போது சொல்லும்?

சிந்திப்பீர்!