எழுத்து உண்டு, ஏடு திறவாது



பங்கு இல்லத்திற்கு வருவோர் நம்மிடம் கொண்டுவரும் முறையீடுகளுள் அண்மைக் காலமாகப் புதியதொன்றும் சேர்ந்திருக்கிறது. "சுவாமி, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கோப்பு எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் திறக்கவில்லை" என்பார் ஒருவர். "சுவாமி, கோவில் வெள்ளிவிழா மலருக்காக அந்நாளில் நாங்கள் தட்டெழுதியவை அப்படியே இருக்கின்றன, ஆனால் திறந்தால் தமிழைக் காணோம், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன" என்பார் மற்றொருவர். இது இளைஞர் விவகாரமாயிற்றே, குடும்ப இதழில் இதற்கென்ன இடம் என்று எண்ணுவோரும் இருக்கலாம்.

இடம் உண்டு. முன்னோரின் நினைவைக் காத்துப் பின்னோரிடம் ஒப்படைப்பது குடும்பத்தின் கடமை. அது திருச்சபையின் கடமையுமாகும். 1563-ஆம் ஆண்டிலேயே திரிதெந்தீன் பொதுச்சங்கம், திருமணங்களைக் குறிக்கும் ஏடு ஒன்றைப் பங்குக்குரு தம்மிடம் கருத்தோடு காத்துவர வேண்டுமெனப் பணித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், 535-ஆம் சட்டம் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளைப் பற்றிப் பேசுகிறது. பழைய ஏடுகளையும் பத்திரமாகக் காக்கச் சொல்கிறது. காப்பதென்றால் பெட்டியில் வைத்துப் பூட்டுவது மட்டுமா? வேண்டும்போது திறந்து வாசிக்க இயல வேண்டுமன்றோ?

இதற்கு இங்கிலாந்து நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நல்ல பாடம். 1086-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் வில்லியம், தம் நாட்டிலுள்ள நிலபுலன்களையெல்லாம் கணக்கெடுத்து, தோலேடுகளில் இலத்தீன் மொழியில் எழுதச் செய்தார். 'டூம்ஸ்டே' ஏடு என்பது அதன் பெயர். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே தொகுப்பை உருவாக்கிற்று. பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட பெருந்திரளான மக்கள் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர், படமெடுத்தனர். அனைத்தும் அந்நாளில் மிகப் புதுமையானதெனக் கருதப்பட்ட ஒளித்தட்டுகளில் பதியப்பட்டன. அவற்றைப் படிக்கத் தனியொரு கணிப்பொறியும் தனியொரு கருவியும் தேவைப்பட்டன. 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை; அக்கருவிகள் அரிதாகிவிட்டன. தட்டு இருந்தது, படிக்க வழிதான் இல்லை. லீட்ஸ், மிச்சிகன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை அமைத்து, 2002-இல் அதை மீட்டுக் காட்டினர். 900 ஆண்டுகளுக்கு முன் எழுதிய தோலேடோ, இலத்தீன் கற்றவர் எவரும் இன்றும் விரித்து வாசிக்கத் தக்கதாய் இருக்கிறது!

ஏன் இவ்வாறு நேர்கிறது? கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்களை மட்டுமே அறியும். நாம் தட்டெழுதும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே உள்ளே தங்குகிறது. அவ்வெண்களைத் திரும்ப எழுத்தாக்க இரண்டு திறவுகோல்கள் வேண்டும். எண்களை எந்த ஒழுங்கில் அடுக்கிவைத்தோம் என்பது ஒன்று. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் கோப்பு ஊமையாகிவிடும்.

முதல் திறவுகோலைப் பார்ப்போம். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் அடுக்குமுறையை வைத்திருக்கிறது. கோப்பின் பெயருக்குப் பின் புள்ளியிட்டு எழுதப்படும் சில எழுத்துகள் அம்முறையைச் சுட்டும். பலரும் வழங்கும் 'வேர்டு' மென்பொருள் நெடுங்காலம் 'டாக்' என்ற முறையில் எழுதிவந்தது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'டாக்எக்ஸ்' என்ற புது முறைக்கு மாறிற்று. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பையே வைத்திருந்தவர்கள், கூடுதல் இணைப்பொன்றைச் சேர்த்தாலன்றிப் புதிய கோப்புகளைத் திறக்க இயலாமற்போயிற்று. பழைய மெக்கின்டாஷ் கணிப்பொறிகளின் வழக்கமோ வேறு. கோப்பு எவ்வகையினது என்பதை அவை பெயரின் வாலில் எழுதாமல், தனியே மறைவாகக் குறித்துவைத்தன. அக்கோப்பு விண்டோஸ் கணிப்பொறிக்கு வந்து சேரும்போது அம்மறைகுறிப்பு உதிர்ந்துவிடும். ஊரும் பேரும் சொல்லத் தெரியாத வழிப்போக்கனைப் போல் அது வாசலில் நிற்கும்.

இரண்டாம் திறவுகோல்தான் நம் தமிழ் மக்களைப் பெரிதும் வாட்டியது. அந்நாளைய எழுத்துமுறையில் 256 இடங்களே இருந்தன. அவற்றில் முதற்பாதியில் ஆங்கிலம் அமர்ந்திருந்தது. ஆகவே எழுத்துரு அமைத்தோர் பலர், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாய் வழங்கிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று எழுதினால், கணிப்பொறியின் உள்ளே பதிவது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்பதே. பாமினி இருக்கும் வரையில் அது அம்மா. பாமினி இல்லாத கணிப்பொறியிலோ வெறும் ஐந்து ஆங்கிலக் குறிகள்! போதாக்குறைக்கு, எழுத்துரு அமைத்த ஒவ்வொருவரும் வெவ்வேறு இடங்களைத் தேர்ந்தனர். ஒரு வீட்டின் சாவி அடுத்த வீட்டிற்குச் சேரவில்லை.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொணர்ந்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யையும் 'னை'யையும் பாட்டி வாசித்தார். பேரன் புதிய வடிவத்தை வாசித்தான். ஒரே செபப்புத்தகத்தை இருவரும் பகிர்ந்துகொண்டனர். மனிதக் கண் சற்றே விட்டுக்கொடுத்து வாசித்துவிடும். கணிப்பொறிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர் பலர் உழைத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையடுத்துத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு குறியீட்டு முறைகளை ஏற்றது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் 'யூனிகோடு' எனும் ஒருங்குறி 1991-இலேயே வெளிவந்திருந்தது. 2010-இல் அரசாணை வாயிலாக அதுவும் தமிழகத்தில் தரமாக ஏற்கப்பட்டது. பாமினியில் 'அ' குடியிருக்கும் எண் 109. அது ஆங்கிலத்தின் சிறிய 'எம்' எழுத்துக்கு உரிய இடம், அதாவது இரவல் வீடு. ஒருங்குறியில் 'அ'வின் எண் 2949. அது 'அ'வுக்கே சொந்தம். உலகின் எந்த மூலையில் திறந்தாலும் 'அ' அங்கே 'அ'வாகவே நிற்கும்.

இனி, நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். உபதேசியாராய் நெடுநாள் உழைத்த பெரியவர் ஒருவர் முதுமையில் கணிப்பொறி கற்று, தம் ஊர்ச் சிற்றாலயத்தின் வரலாற்றையும், தம் குலத்தில் இறந்தோர் அனைவரின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துவிட்டு இறைவனடி சேர்ந்தார். இறந்தோர் மாதமாகிய நவம்பரில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவர்தம் மனைவியின் ஆசை. மகள் கோப்பைத் திறந்தார். இலக்கங்களுக்கு மாற்றம் இல்லையாதலால் தேதிகள் யாவும் தெளிவாய்த் தெரிந்தன. பெயர்கள் மட்டும் தெரியவில்லை. இன்ன நாளில் ஓர் ஆன்மா பிரிந்தது என்று தெரிகிறது. யார் என்று தெரியவில்லை! கடையொன்றில் காட்டியபோது, "கோப்பு கெட்டுவிட்டது, அழித்துவிடுங்கள்" என்றார்களாம்.

நல்லவேளையாக அழிக்கவில்லை. பங்கு இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது கெடவில்லை, அக்கா, எழுத்துருதான் இல்லை" என்றார். உரிய எழுத்துருவைத் தேடி நிறுவியதும், அந்தத் தாயின் கண்முன்னே பெயர்கள் ஒவ்வொன்றாய்த் தமிழில் எழுந்துநின்றன. பின்னர் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினர். அப்போதும் ஓர் இடறல்: இடையிடையே பெரியவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரிகளையும் மாற்றுகருவி தமிழென எண்ணி உருக்குலைத்துவிட்டது. பழைய பிரதியை அருகில் வைத்து, பக்கம் பக்கமாய் ஒப்பிட்டுத் திருத்தினர். பொறி பாதி வேலையைச் செய்தது. மீதியைப் பொறுமை செய்தது. அந்த நவம்பரில் அப்பெயர்கள் பீடத்தருகே வாசிக்கப்பட்டன.

ஆகவே, குடும்பத்தார்க்குச் சில யோசனைகள் கூறுவோம்.

முதலாவது, திறக்காத கோப்பை அழிக்காதீர்கள். அதற்கு ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, அந்நகலின்மீதே முயற்சி செய்யுங்கள். உருக்குலைந்து தெரியும் நிலையில் அதையே சேமித்துவிட்டால் மூலமும் கெடக்கூடும்.

இரண்டாவது, கோப்பின் வரலாற்றை விசாரியுங்கள். எந்த ஆண்டில், எந்தக் கணிப்பொறியில், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் எழுதியது? எழுதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

மூன்றாவது, பணம் கொடுத்துப் புது மென்பொருள் வாங்குமுன், 2010-இல் தோன்றிய 'லிபரே ஆபீஸ்' எனும் இலவச மென்பொருளில் முயன்று பாருங்கள். பழைய வேர்டு கோப்புகளையும், மெக்கின்டாஷில் எழுதிய பலவற்றையும், மலர்கள் அச்சிடப் பயன்பட்ட பேஜ்மேக்கரின் பிற்காலப் பதிப்புகளையும் அது திறக்க வல்லது. பக்க அமைப்பு சற்றுக் கலையலாம், சொற்கள் கிடைத்துவிடும்.

நான்காவது, பிறருக்கு அனுப்பும்போது பெறுபவரை நினையுங்கள். வாசிக்க மட்டுமானால், எழுத்துருவையும் தன்னோடு சுமந்து செல்லும் பி.டி.எஃப். வடிவில் அனுப்புங்கள், திருத்தவும் வேண்டுமானால் மூலக்கோப்பையும் ஒருங்குறியில் சேர்த்தனுப்புங்கள். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கண்ணுக்குத் தமிழாய்த் தெரிந்தாலும், அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பழைய குழப்பமே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது, குடும்பத்திற்கு இன்றியமையாதவற்றைக் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள். கணிப்பொறியில் ஏற்றியாயிற்று என்று சொல்லிப் பழைய ஏட்டைக் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வத்திக்கான் நூலகம் இதில் நமக்கு வழிகாட்டுகிறது. அங்குள்ள சுமார் 80,000 கையெழுத்துச் சுவடிகளைப் படமெடுத்துக் காக்க முனைந்தபோது, வானியலார் வழங்கும் 'ஃபிட்ஸ்' என்ற கோப்பு முறையை அது தேர்ந்துகொண்டது. 1981-இல் வரையறுக்கப்பட்ட அம்முறையின் இலக்கணம் எவரும் அறிய வெளிப்படையாய் இருக்கிறது. கோப்பின் முகப்பிலேயே உள்ளிருப்பது இன்னதென்று சாதாரண எழுத்தில் விளக்கப்படுகிறது. அனைத்திற்கும் மேலாக, பின்னாளில் எத்தனை மாற்றம் வந்தாலும் முன்னாளில் எழுதிய கோப்பு செல்லாததாகிவிடக்கூடாது என்பது அம்முறையை வகுத்தோர் ஏற்றுக்கொண்ட விதி. புதியதை ஏற்பதற்காகப் பழையதை ஊமையாக்காத அவ்விதி, நம் குடும்பங்களுக்கும் வேண்டாமா?

ஒரே கூரையின்கீழ் வாழும் தந்தையும் மகனும் ஒரே தமிழைப் பேசியும் ஒருவர் சொல் ஒருவர்க்குப் புரியாத வீடுகளை நாம் காண்கிறோம். "இவன் கெட்டுவிட்டான்" என்று தந்தையும், "இவர் காலம் முடிந்துவிட்டது" என்று மகனும் முடிவு கட்டிவிடுகின்றனர். கெட்டது ஒன்றுமில்லை, திறவுகோல்தான் காணாமற் போயிருக்கிறது. அழித்துவிடு என்று சொல்ல ஒரு நொடி போதும். உரிய எழுத்துருவைத் தேடி, பக்கம் பக்கமாய் ஒப்பிட்டு வாசிக்கவோ அன்பு வேண்டும், நேரம் வேண்டும். விளங்காத மொழியில் பதினாயிரம் சொற்களைப் பேசுவதைவிட, பிறர்க்கு விளங்கும் ஐந்து சொற்களே மேல் என்பது புனித பவுல் கொரிந்து சபையாருக்குத் தந்த அறிவுரை. கோப்பு அனுப்புவோருக்கும் அது பொருந்தும். குடும்பத்தில் வாய் திறப்போருக்கும் பொருந்தும்.

வீட்டில் திறவாமல் கிடக்கும் பழைய கோப்பு ஒன்றையேனும் இம்மாதம் தேடி எடுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அதில் யார் பெயர் காத்திருக்கிறதோ, யார் அறிவார்!